முனிரத்தினம் லேன் மாறுகிறார்

தானாக ஓடும் காருக்கு லேன் மாறக் கற்றுக்கொடுப்பது என் பிழைப்பு. பிரேக் போடுவதற்கு ஓர் ஆள், வளைவில் திரும்புவதற்கு ஓர் ஆள், நடைபாதையோரம் நிற்பது மனிதரா குப்பைத்தொட்டியா என்று கண்டுபிடிக்க மூன்று பேர் என்று எங்கள் சிங்கப்பூர் ஆய்வுக்கூடத்தில் வேலையைப் பங்கு போட்டிருந்தோம். இடது லேனிலிருந்து வலதுக்குப் போவதும் வலதிலிருந்து இடதுக்கு வருவதும் என் இலாகா. மூன்று வருடம் அதையே செய்தேன். சொந்தக்காரர்களிடம் சொன்னால், "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு என் தம்பியின் வங்கி வேலையைப் பற்றி விசாரிக்கத் தொடங்குவார்கள்.

அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுக்குள் பெண் பார்க்கும் படலத்துக்கு உண்டான அத்தனை சங்கதியும் இருக்கிறது. மாற வேண்டிய அவசியம் உண்டா என்று கார் முதலில் யோசிக்கும். உண்டென்றால் பக்கத்து லேனில் வரும் ஒவ்வொரு வண்டியையும் அளந்து, சில விநாடிகள் கழித்து அது எங்கே இருக்கும் என்று கணக்குப் போடும். வண்டிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளில் தனக்குத் தோதானதைப் பொறுக்கி எடுக்கும். அதற்கு நேராக வரும்படி வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். இண்டிகேட்டர் போடும். பிறகு உள்ளே இருப்பவர் கையிலுள்ள காபி தளும்பாதபடி மெதுவாக வளைந்து நுழையும். பாதியில் பின்னால் வருபவர் வேகம் பிடித்தால், வாயைத் திறக்காமல் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

எங்கள் கார் இந்தக் கடைசிப் படியில் மட்டும் கைதேர்ந்ததாக இருந்தது. சிங்கப்பூரில் இண்டிகேட்டர் என்பது பின்னால் வருபவருக்கு நாமே அனுப்பும் எச்சரிக்கை: இவன் உன் முன்னால் நுழையப் பார்க்கிறான், விடாதே. அவரும் விடமாட்டார். சோதனை ஓட்டத்தில் காரை மனிதர்தான் ஓட்டுவார். என் புரோகிராம் மடிக்கணினியில் உட்கார்ந்துகொண்டு, நானாக இருந்தால் இப்போது மாறியிருப்பேன், இப்போது மாறமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே வரும். மாலை நெரிசலில் அது விரைவுச்சாலையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை 'காத்திரு, காத்திரு' என்றே சொல்லிக்கொண்டு வந்தது.

என் மேலதிகாரி லிம் ஒருநாள் கூப்பிட்டு, "நம்மைவிட நெரிசலான ஊரில் ஆட்கள் எப்படி மாறுகிறார்கள் என்று போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார். எங்கள் புரோகிராமில் ஒரு பகுதியை எழுதித் தருகிற நிறுவனம் பெங்களூரில் இருந்தது. இரண்டாயிரத்து ஆறாம் வருடம், ஒரு கேமரா, இரண்டு ரேடார், எல்லாவற்றையும் பதிவு செய்யும் ஒரு கறுப்புப் பெட்டி, ஒரு மடிக்கணினி சகிதம் நான் அங்கே போய் இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை விமான நிலையத்தில் என்னை அழைத்துப்போக வந்தவர் முனிரத்தினம். ஐம்பத்திரண்டு வயது, வெள்ளைச் சீருடை, நீலசந்திராவில் வீடு. ஒன்பது வருடமாக அந்த நிறுவனத்தின் ஊழியர்களை வேனில் ஏற்றி இறக்குகிறார். இதுவரை வண்டியில் ஒரு கீறல் இல்லை என்பதை நான் கேட்காமலே சொன்னார். பெட்டிகளை ஏற்றிவிட்டுக் கிளம்பினார். சாலையில் வெள்ளைக்கோடு இருந்தது. அது நேராக எங்கள் வேனின் வயிற்றுக்கடியில் ஓடியது.

ஐந்து நிமிடம் பொறுத்தேன். தொழில் புத்தி விடவில்லை.

"அண்ணே, கோட்டுக்கு ஒரு பக்கமா ஓட்டக்கூடாதா?"

"எந்தப் பக்கம் மேடம்?"

"ஏதாவது ஒரு பக்கம்."

"ஒரு பக்கம் போயிட்டா இன்னொரு பக்கம் கைவுட்டுப் பூடுமே மேடம். நடுவுல இருந்தா ரெண்டும் நம்முளுது."

மூன்று வருடத்தில் எனக்குத் தோன்றாத யோசனை. நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். பிறகு வெட்கப்பட்டு அடித்துவிட்டேன்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஸ்டெல்லா அம்மாவின் வீட்டு மாடியில் எனக்கு அறை. பெரிய மரங்கள், ஓட்டுக்கூரை, வாசலில் குரோட்டன்ஸ் தொட்டிகள். சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தவர் தேங்காய்ப்பால் சாதமும் கோலா உருண்டைக் குழம்பும் வைத்துக்கொண்டு என் வேலையைப் பற்றி விசாரித்தார். முழுதும் கேட்டார். "டிரைவரே இல்லாம ஓடுமா? அப்ப லீவு போடாது. அந்த ஒண்ணுக்காகவே வாங்கலாம்மா" என்றார். இத்தனை வருடத்தில் என் ஆராய்ச்சிக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. குழம்பு இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை நிறுவனத்துக்குப் போனேன். ஓசூர் சாலையில் மேம்பாலத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்த காலம். சாலையெங்கும் தகரத் தடுப்பு, செம்மண், லாரி, ஹாரன். நிறுவனத்தின் வாசலுக்குள் நுழைந்தால் புல்தரை, நீரூற்று, பறவைச் சத்தம். பாஸ்போர்ட் கேட்பார்களோ என்று நினைத்தேன்.

எங்களுக்காக வேலை செய்யும் குழுவுக்கு மேலாளர் ரங்கபிரசாத். அலுவலக வண்டிகளும் அவர் பொறுப்பில்தான். அவர் தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர். ரூல்ஸ் என்றால் ரூல்ஸ் என்பது அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இறங்கிய சொத்து. கை குலுக்கியதும், "உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் வெச்சிருக்கேன், வாங்க மேடம்" என்று வளாகத்தின் பின்பக்கம் கூட்டிப்போனார்.

அங்கே யாரும் போகாத ஒரு தார்ச்சாலையில் மூன்று லேன்கள் பளபளவென்று புதுப் பெயிண்டில் வரையப்பட்டிருந்தன. இரண்டு முனையிலும் கயிறு. கயிற்றருகே விசிலோடு காவலாளி. "பக்கா லேன். பெங்களூர்லயே இப்படி நீங்க பாக்க முடியாது. ஆளு, மாடு, ஆட்டோ ஒண்ணும் குறுக்க வராது. எவ்ளோ வேணும்னாலும் லேன் மாறிப் பாருங்க" என்றார்.

நெரிசலைப் பார்க்கக் கடல் தாண்டி வந்தவளுக்கு இவர் வெறும் சாலையை விருந்து வைத்தார். மறுத்தால் மனம் புண்படும். வேனில் கருவிகளைப் பொருத்தி, முனிரத்தினத்தை ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்தேன். கயிற்றை அவிழ்த்தார்கள். விசில் ஊதினார்கள். முனிரத்தினம் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நேராக ஓட்டி, திரும்பி, நேராக வந்து நிறுத்தினார்.

"லேன் மாறலையேண்ணே?"

"யாருமே இல்லியே மேடம்" என்றார் அவர். "யாரக் கேட்டுக்கினு மாறுறது?"

ரங்கபிரசாத் தலையில் கை வைத்துக்கொண்டார். தோட்டக்காரரின் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து நடு லேனில் நிறுத்தச் சொன்னார். இந்த முறை முனிரத்தினம் தள்ளுவண்டி அருகே போய் வேனை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, தோட்டக்காரரிடம் போகட்டுமா என்று கேட்டார். தோட்டக்காரர் மகள் கல்யாணம் நிச்சயமான செய்தியைச் சொன்னார். பிறகு முனிரத்தினம் அழகாக வளைந்து அடுத்த லேனுக்குப் போனார். உலகத்திலேயே நீண்ட நேரம் நடந்த லேன் மாற்றம் அதுவாகத்தான் இருக்கும். என் பெட்டி அதைப் பதிவு செய்ய மறுத்து நின்றுவிட்டது.

மத்தியானம் கேன்டீனில் சௌசௌ பாத் சாப்பிட்டபோது எங்கள் புரோகிராமை எழுதும் பிள்ளைகளைச் சந்தித்தேன். ஆறு பேர். கெட்டிக்காரர்கள். பின்னால் வரும் வண்டி எத்தனை தூரத்தில் இருந்தால் நுழையலாம் என்பதை விரல்நுனியில் வைத்திருந்தார்கள். ஓசூர் சாலையில் எப்படி நுழைகிறார்கள் என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிடுவதாகவும், வாசல் வந்ததும் விழித்துக்கொள்வதாகவும் ஒரு பெண் ஒப்புக்கொண்டாள். சௌசௌ பாத்தின் கார உப்புமாவும் இனிப்புக் கேசரியும் ஒரே தட்டில் ஒன்றோடொன்று கலக்காமல் இருந்தன. அந்த ஊரில் நான் பார்த்த ஒரே லேன் ஒழுங்கு அது.

செவ்வாய்க்கிழமை அசல் சாலைக்குப் போனோம். காலையிலிருந்து மாலை வரை முனிரத்தினம் வழக்கமாகப் போகும் வழிகளிலெல்லாம் போவது, பெட்டி எல்லாவற்றையும் பதிவு செய்வது என்று ஏற்பாடு.

கிளம்பிய அரைமணியில் விபத்து நடக்கப் பார்த்தது, மடிக்கணினியில் மட்டும். யாரோ மந்திரி அந்த வழியாக வரப்போகிறாராம். சாலையோரம் வெள்ளையாகப் பிளீச்சிங் பவுடர் தூவிக் கோடு போட்டிருந்தார்கள். பழைய லேன் கோட்டையும் அழிக்கவில்லை, அதன் பக்கத்தில் புதுக் கோடும் அடித்திருந்தார்கள். என் கேமரா எல்லாவற்றையும் நம்பியது. நான்கு வண்டி போக இடமில்லாத சாலையில் ஏழு லேன்கள் இருப்பதாக அறிவித்தது. பவுடர் கோடு ஒரு டீக்கடை வாசலில் வளைந்து முடிந்திருந்தது. 'இடது லேன் காலியாக இருக்கிறது, மாறலாம்' என்று திரையில் பச்சை விளக்கு எரிந்தது. அந்த லேனில் மூன்று பேர் பெஞ்சில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார்கள்.

நாங்களும் அங்கேயே இறங்கி டீ குடித்தோம். முனிரத்தினம் திரையை எட்டிப் பார்த்து, "உங்க மெஷினுக்கும் டீ வேணுமாம்" என்றார்.

அதன்பிறகு நான் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரைப் பார்க்கத் தொடங்கினேன். வலது பக்கம் போகவேண்டும் என்றால் அவர் இண்டிகேட்டரைத் தொடுவதே இல்லை. ஏன் என்று கேட்டேன். "போட்டா, அணைக்க மறந்துட்டான்னு நெனச்சிக்குவாங்கோ மேடம்" என்றார். அதற்குப் பதில் ஜன்னல் வழியே கையை நீட்டுவார். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, காற்றை இரண்டு முறை தட்டுவார். தலையைத் திருப்பிப் பின்னால் வருபவரின் கண்ணைப் பார்ப்பார். ஒரு வார்த்தை சொல்வார். இடைவெளியே இல்லாத இடத்தில் ஓர் இடைவெளி பிறக்கும்.

அந்த வார்த்தைதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. பேருந்து ஓட்டுநரிடம் கன்னடத்தில், "குரு, கொஞ்சம் இடம் கொடு" என்றார். அடுத்த திருப்பத்தில் ஆட்டோக்காரரிடம் உருதுவில், "பாய், ஒரு நிமிஷம்" என்றார். ஓசூர்ப் பக்கம் போகும் லாரியிடம், "அண்ணே, இன்னா அவசரம், வுடுங்கண்ணே!" என்றார். ஹைதராபாத் பக்கத்துக் கார் ஒன்றைத் தெலுங்கில் "பாவா" என்று மச்சான் முறை வைத்துக் கூப்பிட்டு, அதன் மூக்குக்கு முன்னால் நுழைந்தார்.

"யார் எந்த ஊருன்னு எப்படிண்ணே தெரியுது?"

"நம்பர் பிளேட்டு இருக்குதே மேடம். அப்பறம் கண்ணாடில ஒட்டியிருக்கற சாமி படம். ரெண்டையும் பாத்தா பாஷை தெரிஞ்சிடும். அவங்க பாஷைல கேட்டா யாரு மாட்டேன்னு சொல்லுவாங்கோ?"

என் புரோகிராம் ஒரு வண்டியைப் பற்றி அதன் தூரம், வேகம், நீளம், அகலம் எல்லாம் கேட்கும். அது யாருக்கு என்ன முறை வேண்டும் என்று கேட்டதில்லை. நாங்கள் இடைவெளிக்காகக் காத்திருந்தோம். இவர் இடைவெளியைக் கேட்டு வாங்கினார். எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. பயணம் பலித்துவிட்டது என்று அன்று மாலை மசால்பூரி வாங்கித் தின்று கொண்டாடினேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் முட்டாள்தனத்தைச் செய்தேன். பெட்டி ஒவ்வொரு நாள் முடிவிலும் ஒரு பட்டியல் தயாரிக்கும். இண்டிகேட்டர் இல்லாமல் சக்கரம் கோட்டைத் தொட்டால் அது 'தவறு'. அந்த விதியை எழுதியது நான்தான், சிங்கப்பூர்ச் சாலையை மனதில் வைத்து. செவ்வாய்க்கிழமைப் பட்டியல் பதினோரு பக்கம். வழக்கம்போல அதை லிம்முக்கு அனுப்பினேன். வழக்கம்போல ரங்கபிரசாத்துக்கும் ஒரு நகல் போயிற்று.

புதன்கிழமை காலை முனிரத்தினம் ஸ்டெல்லா அம்மா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கவில்லை. கதவை நானே திறந்துகொண்டேன். பாதி தூரம் போனபிறகு சொன்னார்.

"நேத்து சாயந்தரம் சார் கூப்ட்டாரு மேடம். பதினோரு பக்கம் தப்பாம். ஒரு வாரம் டைம், அப்பறம் வேற எடம் பாத்துக்கோன்னாரு."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் அது நான் அனுப்பிய பட்டியல் என்று தெரிந்தது. வேறு இடம் கிடைக்குமா என்று கேட்டேன்.

"இப்ப எல்லா கம்பெனிலயும் பத்தாவது பாஸ் பண்ண ஆளு வேணுமாம். நான் எட்டாவது. இந்த சாரு என்னை எடுத்த காலத்துல அதெல்லாம் கேக்கல." அடுத்த சிக்னலில் நின்றதும், "ஒரு கீறல் இல்ல மேடம். அது அந்தப் பதினோரு பக்கத்துல எங்கியாச்சும் எழுதியிருக்குதா?" என்று கேட்டார்.

எழுதியிருக்கவில்லை. மோதாமல் இருந்ததைக் குறிக்க என் புரோகிராமில் கட்டம் கிடையாது.

ரங்கபிரசாத் என் பட்டியலைப் பைண்டு செய்து மேசையில் வைத்திருந்தார். "என்ன அருமையான சிஸ்டம் மேடம்! எல்லா டிரைவருக்கும் மாட்டப்போறேன். இவனுக்குத்தான் இருக்கறதுலயே மோசமான ஸ்கோர்" என்றார். இருக்கிறதே ஒரு ஸ்கோர்தானே என்றேன். "ஹௌது, ஆமா, அதுலயே மோசம்" என்றார்.

மனிதர் கெட்டவர் இல்லை. அச்சடித்த காகிதத்தை நம்பி வளர்ந்தவர், அவ்வளவுதான். வாதாடிப் பார்த்தேன், நகரவில்லை. கடைசியில், "ஒரே ஒரு தடவை முனிரத்தினம் என் மெஷின் சொல்றபடி ஓட்டட்டும். அது மாறச் சொன்னா மட்டும் மாறட்டும். நீங்களும் வண்டியில உட்கார்ந்து பாருங்க. அப்புறம் எது நல்ல டிரைவிங்னு முடிவு பண்ணுங்க" என்றேன்.

"வெரி குட் ஐடியா. வெள்ளிக்கிழமை வெச்சுக்கலாம்" என்றார் அவர். அன்று அவர் மைத்துனர் சந்தாபுராவில் புதுவீடு புகுகிறார். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குவதற்குள் பால் காய்ச்சியாகவேண்டும். பால் காய்ச்சும் வெள்ளிப் பாத்திரத்தைக் கொண்டுபோகும் பொறுப்பு இவருடையது. எனக்கும் அழைப்பு. வியாழக்கிழமை முழுவதும் நான் பெட்டியைச் சரிபார்த்தேன். முனிரத்தினம் வண்டியைக் கழுவினார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குக் கிளம்பினோம். ரங்கபிரசாத் பட்டு வேட்டியில் முன்சீட்டில். மடியில் மஞ்சள் குங்குமம் வைத்த வெள்ளிப் பாத்திரம். நான் பின்னால், மடியில் கணினி. முனிரத்தினம் கோட்டுக்கு ஒரு பக்கமாக, பரீட்சை எழுதுகிறவரைப்போல நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார்.

"பாத்தீங்களா, எவ்ளோ டீசன்ட்டா போறான்!" என்றார் ரங்கபிரசாத். முதல் இருபது நிமிடம் அவர் முகத்தில் சமஸ்தானமே தெரிந்தது.

பிறகு எங்கள் லேனில் ஒரு லாரி பழுதாகி நின்றிருந்தது. சக்கரத்துக்குக் கல், பின்னால் எச்சரிக்கைக்கு ஒடித்துப் போட்ட மரக்கிளை. முனிரத்தினம் கிளைக்கு ஐந்தடி முன்னால் நிறுத்தினார். வலது இண்டிகேட்டர் போட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

நான் திரையைப் படித்தேன். "இடைவெளி இல்லை. காத்திரு."

காத்திருந்தோம். பேருந்து போனது. நான்கு ஆட்டோ போயின. டேங்கர் லாரி போனது. ஒவ்வொன்றின் பின்னாலும் அடுத்தது மூக்கை ஒட்டிக்கொண்டு வந்தது. என் புரோகிராம் ஒவ்வொரு இடைவெளியாக அளந்து, சின்னது, சின்னது என்று ஒதுக்கிக்கொண்டே இருந்தது. எங்கள் பின்னால் சேர்ந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. சில எங்களையும் லாரியையும் சேர்த்தே சுற்றிக்கொண்டு போயின. போகிற போக்கில் ஒருவர் எட்டிப் பார்த்து, "சீரியல் லைட்டா?" என்று இண்டிகேட்டரைக் காட்டிச் சிரித்தார்.

ஒன்பது நாற்பதுக்கு ரங்கபிரசாத்தின் மனைவி போனில் கூப்பிட்டார். ஒன்பது ஐம்பதுக்கு மறுபடி கூப்பிட்டார். பத்துக்குப் போக்குவரத்துக் காவலர் வந்து பானட்டைத் தட்டி, நன்றாக இருக்கிற வண்டியை நடுரோட்டில் ஏன் நிறுத்தியிருக்கிறாய் என்று கன்னடத்தில் கேட்டார். முனிரத்தினம் மிகுந்த மரியாதையோடு என்னைக் கைகாட்டி, "மெஷின் இன்னும் உத்தரவு கொடுக்கவில்லை சார்" என்றார். காவலர் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பட்டு வேட்டியைப் பார்த்தார். பைத்தியங்களோடு தனக்கு வேலையில்லை என்று போய்விட்டார்.

"முனி, போப்பா!" என்றார் ரங்கபிரசாத்.

"மெஷின் சொல்லல சார்."

"மேடம், அதைச் சொல்லச் சொல்லுங்க!"

"இடைவெளி இல்லை. காத்திரு" என்று நான் வாசித்தேன்.

பத்து பத்துக்கு மூன்றாவது தடவை போன் அடித்தது. அவர் அதை எடுக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். அவர் உட்கார்ந்திருந்தது இடது பக்கம். நுழைய வேண்டியதோ வலது பக்கம். அதனால் பட்டு வேட்டியோடு இடுப்புவரை வெளியே எம்பி, வேனின் கூரைக்கு மேலாகக் கையை நீட்டினார். இன்னொரு கையில் வெள்ளிப் பாத்திரம். பின்னால் வந்த பேருந்து ஓட்டுநரைப் பார்த்து, தாத்தா காலத்துச் சுத்தமான கன்னடத்தில் கத்தினார். "குரு! புண்ணியமாகப் போகும், கொஞ்சம் இடம் கொடு! ராகுகாலம் வரப்போகிறது!"

பேருந்து நின்றது. அதன் பின்னால் இருந்த எல்லாமும் நின்றன. ஓட்டுநர் இரண்டு கைகளையும் கூப்பி, போங்கள் என்று தலையசைத்தார். முனிரத்தினம் வளைந்து நுழைந்தார். பாத்திரத்தில் வைத்த குங்குமம்கூட உதிரவில்லை. என் பெட்டி பீப் என்று கத்தி, அவசரத்தில் அனுமதியின்றி மாறியதாக ஒரு தவறைப் பதிவு செய்தது. யார் கணக்கில் எழுதுவது என்று நான் ரங்கபிரசாத்தைக் கேட்கவில்லை. அவ்வளவு கொடுமைக்காரி இல்லை நான்.

அதன்பிறகு முனிரத்தினம் அவர் இஷ்டப்படி ஓட்டினார். யாரும் தடுக்கவில்லை. சந்தாபுரா போய்ச் சேர்ந்தபோது என் கடிகாரத்தில் பத்து முப்பத்தைந்து. புரோகிதர் எந்தக் கடிகாரத்தையும் பார்க்காமல் அடுப்பை மட்டும் பார்த்தார். பால் பொங்கியது. எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள்.

இலையில் ஒப்பட்டு என்கிற போளி, சித்ரான்னம், கோசம்பரி. நெய்யை ஊற்றச் சொல்லிவிட்டு ரங்கபிரசாத் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் ஒப்பட்டைத் தின்று முடித்தார்.

"எனக்குப் புரியுது மேடம்" என்றார் பிறகு. "ஆனா அந்தப் பதினோரு பக்கம் உங்க ஹெட் ஆபீசுக்கும் போயிருக்கு. நாளைக்கு ஒரு ஆக்சிடென்ட் ஆனா, தெரிஞ்சும் ஏன் வெச்சிருந்தேன்னு என்னைத்தான் கேப்பாங்க. தப்பு டிரைவருது இல்ல, மெஷினுதுன்னு உங்க சைடுலருந்து எழுத்துல வந்தா நான் கிழிச்சுப் போட்டுடறேன். ரூல்ஸ் பாருங்க."

மெஷின் என்று அவர் சொன்னது என்னை. மூன்று வருட உழைப்பு தப்பு என்று நானே என் மேலதிகாரிக்கு எழுதவேண்டும். அடுத்த வருடத்துக்கு எந்த ஆராய்ச்சி தொடரும், எது மூடப்படும் என்று லிம் முடிவு செய்யப்போகிற மாதம் அது. ஒப்பட்டைப் பாதியில் வைத்து இலையை மூடினேன்.

சனிக்கிழமை காலை ஸ்டெல்லா அம்மா வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதினேன். சுருக்கமாகத்தான். எங்கள் புரோகிராம் மற்ற வண்டிகளைப் பொருள்களாக மட்டும் பார்க்கிறது. உள்ளே ஆள் இருப்பதும் அவரிடம் கேட்கலாம் என்பதும் அதற்குத் தெரியாது. ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் கையாலும் கண்ணாலும் வாயாலும் அனுமதி பெற்ற பிறகே மாறினார். பதினோரு பக்கமும் எங்கள் தவறு. ரங்கபிரசாத்துக்கு நகல். அனுப்பும் பொத்தானை அழுத்தக் கால்மணி நேரம் ஆனது. ஒரு மணி நேரத்தில் லிம்மிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: பார்த்தேன், திங்கட்கிழமை வந்ததும் என் அறைக்கு வா.

மத்தியானம் ரங்கபிரசாத் போன் செய்தார். கிழித்துவிட்டாராம். முனிரத்தினத்திடமும் சொல்லிவிட்டாராம்.

மாலை விமான நிலையத்துக்கு முனிரத்தினம்தான் கூட்டிப்போனார். இறங்கிவந்து கதவைத் திறந்துவிட்டார். கறுப்புப் பெட்டியைக் கழற்றி என் பக்கத்து இருக்கையில் வைத்திருந்தேன். கோடு வேனின் வயிற்றுக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது. நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன், அதற்கு அடக்கமாகச் சொல்ல ஒரு பதிலும் தயார் செய்திருந்தேன்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்கண்ணே."

"தப்பு மெஷினுதுன்னு எழுதிக் குடுத்துட்டீங்களாமே. சார் சொன்னாரு."

"ஆமா."

"அப்ப அதை வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்களா?"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்துக் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. அந்தப் பெட்டியால் நான்கு நாள் தூக்கம் கெட்ட மனிதர் நிஜமாகத்தான் கேட்கிறார்.

"தெரியலண்ணே. தூக்கினாலும் தூக்கிடுவாங்க."

வலது பக்கம் ஒரு தண்ணீர் லாரி வந்தது. அவர் கையை நீட்டி, ஏதோ சொல்லி, அதன் முன்னால் நுழைந்தார். கொஞ்ச தூரம் போனபிறகு திரும்பாமலே பேசினார்.

"வேணாம் மேடம். பாவம், அது வந்தே ஒரு வாரந்தான் ஆவுது. பாஷையும் தெரியாது, ஆளுங்களையும் தெரியாது. எட்டாவது படிச்ச எனக்கே ஒரு வாரம் டைம் குடுத்தாங்கோ. உங்க சார்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லி, அதுக்கு ஒரு மாசமாச்சும் கேளுங்க."

கேட்கிறேன் என்றேன்.

திங்கட்கிழமை லிம்மின் அறையில், அவர் உட்காரச் சொல்வதற்கு முன்பே, ஒரு மாதம் கேட்டேன்.